'பலியாக்கல்' வேண்டாம்: கலைச்சொல் தொகுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தொகுப்பாளர்களுக்கு,

வணக்கம். 'விக்டிமைசேஷன்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு நேரே 'பலியாக்கல்' என்று ஒற்றைச் சொல்லை எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடும் பட்டியல்களைச் சட்ட ஆவணங்களைத் தமிழாக்கும்போது காண்கிறேன். அதனால் நேரும் குழப்பத்தைத் தங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

வேர்ப்பொருளில் பிழையில்லை. 'விக்டிமா' என்ற இலத்தீன் சொல் தெய்வத்துக்கு வெட்டப்படும் விலங்கைக் குறித்தது. நம் 'பலி'யும் அத்தகையதே. ஆனால் 'விபத்தில் மூவர் பலி' என்று படித்துப் பழகியவருக்குப் பலி என்றால் சாவுதான். மோசடியில் சேமிப்பை இழந்தவரைப் 'பலியானவர்' என்று எழுதினால், அவர் உயிரோடிருக்கிறாரா என்ற ஐயமே முதலில் எழும்.

இதனினும் பெரிய சிக்கல், ஆங்கிலத்தில் அச்சொல் இரு வேறு பொருள்களில் வழங்குவது. குற்றவியலில் அது குற்றத்தால் ஒருவர் கேட்டுக்கு உள்ளாவதைக் குறிக்கும். இது குறித்து ஐ.நா. பொதுச்சபை 1985இல் ஏற்ற பிரகடனம், உடல் ஊறு, மன வேதனை, பொருளிழப்பு ஆகியவற்றையும் கணக்கில் கொள்கிறது. குற்றவாளி பிடிபட்டிருக்க வேண்டும் என்றுகூட அது கேட்பதில்லை. இங்கே 'பாதிப்புக்குள்ளாதல்' பொருந்தும். விசாரணையின் போக்கே ஒருவரை மீண்டும் வதைப்பதை 'மறுபாதிப்பு' எனலாம்.

பணியிடச் சட்டத்தில் பொருளே வேறு. பிரிட்டனின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி, பாகுபாடு குறித்துப் புகார் அளித்ததற்காகவோ, சாட்சி சொன்னதற்காகவோ, அவ்வாறு செய்யக்கூடும் என்று எண்ணியோ ஒருவருக்குக் கேடு விளைவிப்பதே அது. சக ஊழியருக்காகச் சாட்சி சொன்னவர் தாமே பாகுபாட்டுக்கு ஆளாகியிருக்க வேண்டியதில்லை. 'புகார் அளித்தவரைப் பாதிப்புக்குள்ளாக்கக் கூடாது' என்று இவ்விதியைப் பொதுப்படப் பெயர்த்தால், 'புகாரின் காரணமாக' என்னும் உயிர்நிலை கழன்றுவிடுகிறது.

இதற்குத் தொழிற்சங்கத் துண்டறிக்கைகள் தங்களுக்கு முன்பே சொல் கண்டுவிட்டன: பழிவாங்கல். முன்பு தீங்கிழைத்தவரைத் திருப்பித் தாக்குவதல்லவா பழிவாங்கல், புகார் அளித்தவர் என்ன தீங்கு செய்தார் என்று சிலர் மறுக்கலாம். மறுப்பு நியாயமே, ஆயினும் புகாரையே தீங்காகக் கருதும் நிர்வாகத்தின் மனப்போக்கை அச்சொல் காட்டிக்கொடுக்கிறது என்பதால், அதையே நான் விரும்புகிறேன்.

ஆகவே அடுத்த பதிப்பில் இரு பொருள்களையும் தனித்தனிப் பதிவுகளாக, துறைக்குறிப்போடும் எடுத்துக்காட்டு வாக்கியத்தோடும் தருமாறும், 'பலியாக்கல்' என்பதை இரண்டிலிருந்தும் நீக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மொழிபெயர்ப்பாளர் ஒருவர்