லிடியா பார்த்தது

அன்புள்ள பாப்பாவுக்கு,

போனில் ஆரம்பித்தால் கிளாஸுக்கு நேரமாகிவிட்டது என்பாய். அதனால்தான் கடிதம்.

போன கோடையில் அமெரிக்காவில், வர்ஜீனியா மாநிலத்து வில்லியம்ஸ்பர்க்கில் ஒரு செங்கல் வீட்டுக்குக் கூட்டிப்போனாயே, ஜார்ஜ் வித் என்ற வக்கீலின் வீடு. அன்றைக்குக் கால் வலியில் பாதிதான் காதில் விழுந்தது. ஊருக்கு வந்ததிலிருந்து அவரைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன். அப்பாவுக்கு ஒரே கேலி.

எனக்கு முதலில் பிடித்துப்போனது அவருடைய அம்மாவைத்தான். வித் 1726-ல் பிறந்தவர், சின்ன வயதிலேயே அப்பாவை இழந்தவர். பையன் கிரேக்க பைபிளை வாசிக்க, அம்மா ஆங்கில பைபிளைக் கையில் வைத்துக்கொண்டு உதவுவாராம். நீ பிரெஞ்சு ஒப்பிக்கும்போது ஒரு எழுத்தும் தெரியாமல் நோட்ஸைப் பார்த்துத் தலையாட்டுவேனே, அது நினைவுக்கு வந்து சிரித்துவிட்டேன்.

அப்புறம் அவர் வாழ்க்கையில் வீடு நிறையவே இல்லை. முதல் மனைவி கல்யாணமான ஒரு வருஷத்துக்குள் போய்விட்டார். இரண்டாவது மனைவி எலிசபெத்துக்குப் பிறந்த ஒரே குழந்தையும் தங்கவில்லை. 1787-ல் பிலடெல்பியாவில் அரசியல் சட்டம் எழுதக் கூடியிருந்தபோது, மனைவிக்கு உடம்பு முடியவில்லை என்று பாதியில் கிளம்பி வந்துவிட்டார். அந்த வருஷமே எலிசபெத்தும் இறந்தார். பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஜெஃபர்சன், வித்திடம் சட்டம் படித்தவர். 1779-ல் அமெரிக்காவின் முதல் சட்டப் பேராசிரியர் ஆனவரும் வித் தான். பிள்ளை இல்லாதவருக்கு மாணவர்கள்தான் பிள்ளைகள்.

ரிச்மண்டுக்குக் குடிபோனபோது அவரோடு போனவர் சமையல்கார அம்மா லிடியா பிராட்னாக்ஸ். எலிசபெத் இறந்த வருஷமே வித் லிடியாவை அடிமைத்தனத்திலிருந்து விடுவித்திருந்தார். மைக்கேல் பிரவுன் என்ற கறுப்பினப் பையனும் அந்த வீட்டில் இருந்தான். வித் அவனுக்கு லத்தீனும் கிரேக்கமும் சொல்லிக்கொடுத்து, உயிலில் பங்கும் எழுதிவைத்தார். பிரவுன் இறந்துபோனால் அந்தப் பங்கு தங்கையின் பேரன் ஸ்வீனிக்கு என்றும் எழுதினார். அங்கேதான் வினை.

ஸ்வீனி ஏற்கெனவே தாத்தா பெயரில் கள்ளக் காசோலை போட்டவன். 1806 மே 25, காலைக் காபி. அவன் காபிப் பானையில் எதையோ போட்டதையும், தாளை அடுப்பில் எறிந்ததையும் பார்த்ததாக லிடியா சொன்னாராம். வித், பிரவுன், லிடியா மூன்று பேரும் படுத்துவிட்டார்கள். பிரவுன் ஜூன் 1-ல் இறந்தான். எண்பது வயசு வித், அந்த வேதனையிலும் ஸ்வீனியின் பெயரை உயிலிலிருந்து அடித்துவிட்டு, ஜூன் 8-ல் கண்ணை மூடினார். லிடியா பிழைத்துக்கொண்டார்.

கொலை வழக்கில் ஸ்வீனி விடுதலை. வெள்ளைக்காரனுக்கு எதிராகக் கறுப்பர் சாட்சி சொல்ல அன்றைய வர்ஜீனியா சட்டத்தில் இடமில்லை. சரி, பழைய சட்டம்தானே என்று விடப்பார்த்தேன், முடியவில்லை. அந்த மாநிலத்துச் சட்டங்களைத் திருத்தி எழுதிய குழுவில் ஜெஃபர்சன், பெண்டில்டனோடு வித்தும் இருந்தார். 1779-ல் அவர்கள் கொடுத்த தொகுப்பிலும் அந்த விதி அப்படியே இருந்தது. சாகிற வருஷம் நீதிபதியாக உட்கார்ந்து, சுதந்திரம் எல்லாருக்கும் பிறப்புரிமை என்று ஓர் அடிமைக் குடும்பத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு எழுதியவரும் இவரேதான். மேல்முறையீட்டில் அந்தக் காரணத்தை ஏற்கவில்லை.

சமையலறையில் நிற்கும்போதெல்லாம் லிடியா ஞாபகம்தான். அவர் போட்ட காபி, அவர் அடுப்பு, அவர் கண். கோர்ட்டில் மட்டும் அவருக்கு வாய் இல்லை. 1807-ல், கண் மங்கிவிட்டது, உதவுங்கள் என்று ஜெஃபர்சனுக்கு எழுதினார். ஐம்பது டாலர் வந்தது. வித்தின் புத்தகங்களெல்லாம் ஜெஃபர்சனுக்குத்தான் போயிருந்தன.

சாட்சியச் சட்டம் இந்த டெர்மில்தான் என்றாயே, வகுப்பில் இந்த வழக்கு வருகிறதா? வந்தால் லிடியா பெயரைச் சொல்கிறார்களா என்று கேட்டு எழுது. பருப்புப்பொடி பார்சல் போட்டிருக்கிறேன். இந்தத் தடவை மூடியை டேப் போட்டுச் சுற்றிவிட்டேன்.

அன்புடன்,
அம்மா