அரசு அலுவலகம் அனுப்பிய பூட்டிய மின்னஞ்சல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தெரியாத லிங்க்கைத் தொடாதீர்கள் என்று உங்கள் பத்திரிகை விடாமல் எழுதி வருகிறது. நானும் அதை வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். அதனாலேயே ஒரு அரசு அலுவலகத்திலிருந்து அம்மாவுக்கு வந்த உண்மையான மின்னஞ்சல் 3 வாரம் திறக்கப்படாமல் கிடந்தது.

அதைப் பார்த்திருந்தால் நீங்களும் சந்தேகப்பட்டிருப்பீர்கள். என்ன விஷயம் என்று ஒரு வரிகூட இல்லை. ‘உங்களுக்குப் பாதுகாப்பான செய்தி வந்துள்ளது, படிக்க இங்கே அழுத்தவும்’ என்று ஒரு பொத்தான் மட்டும்தான். அம்மா அதை அழிக்காமல் விட்டிருந்தார். பழைய கடிதம் ஒன்றில் இருந்த எண்ணைத் தேடி எடுத்து அலுவலகத்துக்கு போன் செய்தேன். “நாங்கள் அனுப்பியதுதான், ஒரு ஆவணம் கேட்டிருக்கிறோம்” என்றார்கள். கெடு முடிய 4 நாள் இருந்தது. “நீதானே திறக்காதே என்று சொன்னாய்?” என்று அம்மா கேட்டபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அலுவலகம் பூட்டி அனுப்புவதில் எனக்குக் குறையில்லை. மின்னஞ்சலைக் கொண்டுசேர்க்கும் எஸ்எம்டிபி முறை 1982இல் வகுக்கப்பட்டபோது அதில் என்கிரிப்ஷனே, அதாவது மற்றவர் படிக்க முடியாதபடி செய்தியைப் பூட்டும் வசதியே, கிடையாது. பின்னால் சேர்த்த பாதுகாப்பும் ஒரு சர்வரிலிருந்து அடுத்த சர்வர் வரைக்கும்தான்; போய்ச் சேர்ந்த இடத்தில் கடிதம் திறந்துதான் கிடக்கும். அதனால்தான் அலுவலகங்கள் செய்தியைத் தங்கள் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு அறிவிப்பை மட்டும் அனுப்புகின்றன, அல்லது பூட்டிய கோப்பாக இணைத்து அனுப்புகின்றன. பிறந்த தேதியும் அடையாள எண்ணும் மருத்துவ விவரமும் வெளியே சிந்தாமல் இருக்க அது தேவைதான்.

ஆனால் திறப்பவர் படும் பாட்டை யார் யோசித்தார்கள்? அம்மா அதை எனக்கு ஃபார்வர்டு செய்தார். என் கணினியில் திறக்கவில்லை. திறக்கத் தேவையான, ஒருமுறை மட்டும் பயன்படும் குறியீடு அம்மாவின் முகவரிக்கே போகும் என்பது பிறகுதான் புரிந்தது. சரி என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். குறியீடு ஸ்பேமுக்குள் போய்விட்டது. தேடி எடுப்பதற்குள் அதற்குக் கொடுத்த 15 நிமிடம் முடிந்து, இன்னொன்று கேட்க வேண்டியதாயிற்று. கூகுள், மைக்ரோசாஃப்ட் கணக்கு வழியாகவும் நுழையலாம் என்று காட்டியது. குறியீட்டு வழியையே எடுத்தோம். பாஸ்வேர்டை எங்கேயும் தட்டாமல் முடிக்கலாம் என்பதால் மற்றவர்களுக்கும் அதையே சொல்வேன்.

பதில் அனுப்புவதில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. அம்மா பழக்கப்படி போனில் அந்த அறிவிப்புக்கே ரிப்ளை அழுத்தி, அடையாள அட்டையின் படத்தை இணைத்துவிட்டார். நல்லவேளை, அனுப்பவில்லை. அப்படி அனுப்பினால் அது சாதாரண மின்னஞ்சலாகத்தான் போகும். பல சமயம் யாரும் பார்க்காத முகவரிக்கும் போய்ச் சேரும். பூட்டைத் திறந்து செய்தியைப் படிக்கும் அந்தப் பக்கத்துக்குள்ளேயே இருக்கிற ரிப்ளையைத்தான் அழுத்த வேண்டும். இதை அறிவிப்பில் ஒரு வரி எழுதக் கூடாதா? அப்புறம், அங்கிருந்து போன பதில் நம் ‘அனுப்பியவை’ பெட்டியில் இல்லாமல் போகலாம். செய்தியும் சில நாள் கழித்துத் திறக்காமல் போகலாம். ஆகவே இரண்டையும் அன்றைக்கே பிடிஎஃப் ஆகச் சேமித்தோம்.

இதை வயதானவர்களின் தடுமாற்றம் என்று யாரும் ஒதுக்க வேண்டாம். மின்னஞ்சலைப் பூட்டும் பிஜிபி மென்பொருளை வைத்து 1999இல் வெளியான ஓர் ஆய்வில், மின்னஞ்சல் நன்கு பழகிய 12 பேருக்கு 90 நிமிடம் கொடுத்தார்கள். மூன்றில் ஒரு பங்கினரால்தான் ஒரு செய்தியில் சரியாக டிஜிட்டல் கையொப்பமிட்டு அதைப் பூட்ட முடிந்தது. இன்றைய முறை அதைவிட எளிது. ஆனால் எது உண்மை, எது மோசடி என்று பிரித்தறியும் சுமை இப்போது கூடுதலாகச் சேர்ந்திருக்கிறது.

அலுவலகங்களிடம் நான் கேட்பது பெரிய செலவு வைக்கும் காரியமில்லை. விண்ணப்பம் வாங்கும்போதே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: எந்த முகவரியிலிருந்து வரும், திறந்தால் எப்படி இருக்கும், எத்தனை நாள் இருக்கும், சந்தேகம் வந்தால் எந்த எண்ணில் கேட்பது. தலைப்பு வரி பெரும்பாலும் பூட்டப்படுவதில்லை என்பதால் அதில் விவரம் எழுத முடியாது, புரிகிறது. விண்ணப்ப எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தையாவது போடலாமே. அதைப் பார்த்திருந்தால் அம்மாவுக்கே தெரிந்திருக்கும். முடியாதவர்களுக்குத் தபாலிலோ நேரிலோ கொடுக்கும் வழியும் திறந்தே இருக்கட்டும்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். லிங்க்கைத் தொடாதே என்ற எச்சரிக்கையின் பக்கத்திலேயே, ‘சந்தேகம் வந்தால் உங்களிடம் முன்பே இருக்கும் எண்ணில் அலுவலகத்தைக் கேளுங்கள், அதுவரை அழிக்காதீர்கள்’ என்றும் சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்