பென்குயினின் ரத்தத்தையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆப்பிரிக்கப் பென்குயின்கள் பற்றிய தங்கள் கட்டுரை மீன் தட்டுப்பாட்டையும் எண்ணெய்க் கசிவையும் நன்றாகவே விளக்கியது. நோயைப் பற்றித்தான் ஒரு வரிகூட இல்லை. இனப்பெருக்க இணைகள் 10,000-க்கும் கீழே போய், 2024-ல் 'மிக அருகிய இனம்' என்று அறிவிக்கப்பட்ட பறவை அது. அதன் ரத்தத்தில் வாழும் ஒட்டுண்ணிகளை விட்டுவிட்டுப் பாதுகாப்பைப் பேச முடியாது.

கடற்பறவைகளுக்கு ரத்த ஒட்டுண்ணித் தொல்லை பொதுவாகக் குறைவு. உப்புக் காற்று ஓயாமல் அடிக்கும் பாறைத் தீவுகளில் கொசு பெருக நன்னீர் கிடைப்பது அரிது. கேட்க நல்ல செய்திதான். ஆனால் நோயையே பார்த்திராத உடலுக்கு எதிர்ப்புச் சக்தி எங்கிருந்து வரும்? எண்ணெய் அப்பிய பறவையை மீட்டு நிலத்துக்குக் கொண்டுவருகிறோம். அங்கே கோடையில் கொசு காத்திருக்கிறது. குருவிகள் பெரிய பாதிப்பில்லாமல் சுமந்து திரியும் பிளாஸ்மோடியம் என்ற, கொசு பரப்பும் மலேரியா ஒட்டுண்ணி, பென்குயினின் நுரையீரலிலும் கல்லீரலிலும் மண்ணீரலிலும் பெருகிவிடுகிறது. நேற்று நன்றாக மீன் தின்ற பறவை இன்று செத்துக் கிடக்கும். கண்ணாடிச் சில்லில் ரத்தத்தைத் தேய்த்து, சாயமேற்றிப் பார்த்தால் ஒன்றும் தெரியாமலும் போகலாம். சிவப்பணுக்களில் ஒட்டுண்ணி தென்படும் முன்பே உள்ளுறுப்புகள் கெட்டுப்போயிருக்கும். இது போதாதென்று கூடுகளில் உண்ணிகள் பரப்பும் பபேசியா என்ற ரத்த ஒட்டுண்ணி வேறு. பெரும்பாலும் அது கொல்வதில்லை, சரி. ஏற்கெனவே இளைத்துப்போன பறவை ரத்தசோகையையும் சேர்த்துத் தாங்குமா?

பசிபிக் கடலிலுள்ள கலாபகஸ் தீவுகளுக்கு 1980-களில், பறவை மலேரியாவைப் பரப்பும் கியூலக்ஸ் கொசு வந்து சேர்ந்தது. அங்குள்ள பென்குயின்களின் ரத்தத்தில் பிளாஸ்மோடியம் இருப்பது 2009-ல் வெளியானது. கொள்ளைநோயாக அது வெடிக்கவில்லை. அதற்காக நிம்மதியாக இருந்துவிட முடியவில்லை. வந்தேறிய கொசுவும் மலேரியாவும் சேர்ந்து ஹவாயின் காட்டுப் பறவை இனங்கள் பல அழியக் காரணமானது உலகறிந்த கதை.

மீட்பு மையங்களுக்குப் பணம் தருகிறவர்கள் மீனுக்கும் சோப்புக்கும் தருவதைப் போலவே கொசுவலைக்கும் தடுப்பு மருந்துக்கும் தர வேண்டும். கடலில் திரும்ப விடுவதற்கு முன் ஒவ்வொரு பறவைக்கும், ரத்தத்தில் ஒட்டுண்ணியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனை நடக்க வேண்டும். நோயைச் சுமந்த ஒரு பறவை கூட்டத்துக்குள் போகக் கூடாது. இதற்குச் செலவாகும், ஆள் வேண்டும், தெரியும். இந்தப் பறவைகளோடு வேலை செய்யும் கால்நடை மருத்துவர்களைப் பேசவைத்து இதையே ஒரு தனிக் கட்டுரையாக வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்