நாலு வரி தருகிறேன், நட்சத்திரம் கேட்காதே

அன்புள்ள சொக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டு வலி தேவலை என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். ஆச்சியைக் கேட்டதாகச் சொல். இங்கே எல்லோரும் சௌக்கியம். போன வாரம் நல்ல மழை, ஊருணியில் தண்ணீர் கிடக்கிறது, வீட்டு வளவுக்குள் வழக்கமான இடங்களில் வழக்கம்போல ஒழுகுகிறது. ஓடு மாற்ற ஆள் கிடைத்தால் பங்காளிகளிடமிருந்து பணம் வரவில்லை, பணம் வந்தால் ஆள் இல்லை. உனக்குத் தெரியாததா.

சரி, நீ கேட்ட விஷயம். பேரன் பழைய படமெல்லாம் பார்க்க ஆரம்பித்திருக்கிறான், பத்திரிகையில் இத்தனை காலம் விமர்சனம் எழுதினவன்தானே நீ, ஒவ்வொரு படத்துக்கும் நாலு வரி எழுதி, நட்சத்திரமும் போட்டு அனுப்பு என்கிறாய். நாலு வரி தருகிறேன். நட்சத்திரம் ஆபீஸில் இருந்தபோதே எனக்கு ஆகாது. பதினாறு வயதினிலேவுக்கு ஆனந்த விகடன் 62.5 மார்க் போட்டது, பெரிய மார்க்தான், ஆனால் அந்த அரை மார்க் எதற்கு வந்தது என்று யாரைக் கேட்பது? யாராவது சப்பாணி என்று கூப்பிட்டால் அறைந்துவிடு என்று மயிலு சொல்லிக் கொடுக்கிறாளே, அந்த ஒரு இடத்தைச் சொல், படம் பார்க்காதவனுக்கும் பிடிபட்டுவிடும்.

சின்ன விமர்சனம் எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு உதாரணம் நம்ம காரைக்குடியிலேயே நடந்திருக்கிறது. ஐம்பதுகளின் கடைசியில் அழகப்பா கல்லூரி விழாவுக்கு எம்.ஜி.ஆர். வந்தார். இளையான்குடிப் பையன் ஒருவன் மேடையேறி, அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சினிமாவைக் கிழித்தான். நிஜத்தில் ஒருத்தன் காதலித்தால் ஊரே கேள்வி கேட்கிறது, சினிமாவில் இவர் மட்டும் இஷ்டத்துக்கு டூயட் பாடுகிறார், ஒருத்தரும் என்ன ஏது என்று கேட்பதில்லை என்பதுதான் விஷயம். எம்.ஜி.ஆர். கோபித்துக்கொள்ளவில்லை, சிறந்த விமர்சகராக இருக்கத் தகுந்தவர் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தப் பையன்தான் பிற்பாடு டைரக்டர் மகேந்திரன். அவன் பேசியதில் கதைச் சுருக்கம் இருந்ததா, ஒளிப்பதிவு அருமை, இசை பலம் என்று இருந்ததா? அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொருத்தனும் மனசுக்குள் வைத்திருந்ததை எடுத்து வெளியே போட்டான், அவ்வளவுதான். நான் எழுதினதிலும் அப்படி அமைந்த நாலைந்துதான் எனக்கே பிடிக்கும். மற்றதெல்லாம் ராத்திரி ஆட்டம் பார்த்துவிட்டு அச்சுக்குப் போகிற அவசரத்தில் எழுதிய கணக்கு.

அதனால் மகேந்திரனிலிருந்தே ஆரம்பிக்கச் சொல். உதிரிப்பூக்கள், 1979. சுந்தரவடிவேலு வெள்ளை வேட்டியும் மரியாதையுமாக நடமாடுகிற கொடுமைக்காரன், அப்படி இரண்டு பேரை உனக்கும் எனக்கும் தெரியும், பெயர் வேண்டாம். கடைசியில் ஊரே சேர்ந்து அவனை ஆற்றில் இறங்க வைக்கிறது, வில்லன் ஒழிந்தான் என்ற திருப்தி துளிகூட வராது, ஊர்க்காரர்களைப் பார்த்துத்தான் பயம் வரும். முள்ளும் மலரும் அதற்கு முந்தின வருஷம். அண்ணன்காரன் தங்கச்சியைக் கட்டிக்கொடுக்கச் சம்மதிக்கிறான், மாப்பிள்ளையை மட்டும் கடைசிவரைக்கும் பிடிக்கவில்லை, அதை அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியும் விடுகிறான். திருந்திவிட்டான் என்று காட்டாமல் விட்டதுதான் படம்.

அடுத்தது பராசக்தி, 1952. எல்லோரும் கோர்ட் வசனத்தைச் சொல்வார்கள், நீயே பள்ளிக்கூடத்தில் ஒப்பித்துக் கைதட்டல் வாங்கினவன். நான் பேரனை ரங்கூனைக் கவனிக்கச் சொல்வேன். மூன்று அண்ணன்கள் பர்மாவில், தங்கை இங்கே, நடுவில் ஜப்பான்காரன் குண்டு. 1930களின் மந்தத்தில் நெல் விலை விழுந்து, கடன் வாங்கினவன் திருப்ப முடியாமல் வயலை விட்டுவிட, கீழ் பர்மாவின் முக்கியமான நெல் ஜில்லாக்களில் கால்வாசி நிலம், அங்கே வட்டிக்குக் கொடுத்துவந்த நம்ம செட்டிமார் கைக்கு வந்தது. விரும்பி வாங்கின நிலம் இல்லை அது. 1942ல் ஜப்பான் உள்ளே வந்ததும் கப்பல் கிடைத்தவர்கள் கப்பலில், கிடைக்காதவர்கள் காடு மலை வழியே நடந்து. எங்கள் ஐயா அதற்கப்புறமும் வராத வட்டிக்கு வருஷா வருஷம் கணக்கு எழுதி வைத்த பேரேடு இரண்டாங்கட்டு அலமாரியில் இருக்கிறது, கறுப்பு மசி, ஒரு அடித்தல் கிடையாது. பராசக்தியில் நம்ம செட்டிநாட்டு வீடு ஒன்றுகூட வராது. ஆனாலும் நம்ம ஊர்க்கதைக்குக் கிட்டே வந்த படம் எனக்கு அதுதான்.

நம்ம வீட்டைக் காட்டுகிற படங்களைப் பற்றிக் கேட்காதே, வயிறு எரிகிறது. முகப்பில் மீசைக்காரர் ஒருத்தர், பட்டாலைக் கூடத்தில் நாற்பது பேருக்குப் பந்தி, இரண்டு குடும்பத்துக்கும் பகை, முடிந்தது. பூட்டிய வீட்டின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதில் எத்தனை கதை உண்டு, ஒருத்தரும் தொடுவதில்லை. போன மாதம் பக்கத்து வீட்டுக்கு ஷூட்டிங் வந்தவர்கள் தேக்குத் தூணில் ஆணி அடித்திருக்கிறார்கள். முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசின சுவரில் ஒட்டுத்தாள் ஒட்டி, பிரிக்கும்போது உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு உரிந்து வந்துவிட்டது. வாடகை வந்ததே என்று அந்தப் பங்காளிக்குச் சந்தோஷம். நான் என்ன சொல்ல.

அப்புறம் தில்லானா மோகனாம்பாள். சிவாஜி, பத்மினி, சேதுராமன் பொன்னுசாமி நாயனம் எல்லாம் இருக்கட்டும், மனோரமாவைப் பார். பள்ளத்தூரில் வளர்ந்த பிள்ளை, கண்ணதாசன் தன்னுடைய மாலையிட்ட மங்கையில் சினிமாவுக்குக் கொண்டு வந்தார். ஜில் ஜில் ரமாமணியாக வந்து, உங்க நாயனத்தில் மட்டும்தான் இப்படிச் சத்தம் வருமா என்று கேட்கிறாள் பார், அதில் வெகுளி எவ்வளவு, சாமர்த்தியம் எவ்வளவு என்று இன்றைக்கும் என்னால் பிரிக்க முடியவில்லை. நாடகக் கம்பெனியில் பாடு பட்டவளுக்குத்தான் அந்தக் குழைவு வரும்.

மற்றதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். நாம் இருவர், 1947, ஏவி.எம். இங்கே காரைக்குடியில் கொட்டகை போட்டு எடுத்தது. கதை சுமார், பட்டம்மாள் குரலுக்கும் குமாரி கமலா ஆட்டத்துக்கும் பார்க்கலாம். சிவகங்கைச் சீமை அதே 1959ல் வந்த கட்டபொம்மன் முன்னால் எடுபடாமல் போனது, படம் எடுத்த கண்ணதாசனுக்குக் கைநஷ்டம்தான் மிச்சம், ஆனால் மருதிருவர் நம்ம பக்கத்து ஆட்கள், பாட்டும் நன்றாக இருக்கும், பார்க்கட்டும். காதலிக்க நேரமில்லையில் நாகேஷ் பேய்க்கதை சொல்வதை எல்லோரும் புகழ்கிறார்கள், கேட்டுக்கொண்டிருக்கிற பாலையா இல்லாவிட்டால் அந்தக் காட்சி பாதிகூடத் தேறாது. பாட்ஷா இடைவேளை வரைக்கும் ஒருத்தன் கையைக் கட்டிக்கொண்டு அடி வாங்குகிற படம், அந்தப் பொறுமைக்குத்தான் பின்னால் விசில். எஸ்.பி.முத்துராமனும் பஞ்சு அருணாசலமும், இரண்டு பேரும் நம்ம சீமைதான், ஆறிலிருந்து அறுபதுவரையில் ரஜினியைச் சண்டை போடவிடாமல் உட்கார வைத்தார்கள். அதற்கே ஒரு கும்பிடு.

சிவாஜி நடிப்பு மிகை என்று பேரன் சொன்னானாமே. வாக்குவாதம் செய்யாதே. அந்த நாள் போட்டுக் காட்டிவிட்டுப் பேசாமல் இரு. பாட்டே கிடையாது, ஒன்றும் கத்தவும் இல்லை.

பிள்ளையார் நோன்புக்கு ஊருக்கு வருவதாக இருந்தால் முன்னாடியே எழுது, மாடி அறையை ஒழித்து வைக்கச் சொல்கிறேன். ஓட்டுக்கு உன் பங்குப் பணத்தையும் அப்போதே கொண்டுவந்துவிடு. மற்றவை நேரில்.

உன்,
ராமு