உரிமம் கொடுத்தாச்சு, டெண்டரில் எப்போது வரும்?

ஆசிரியருக்கு வணக்கம்.

கரிம உமிழ்வு குறைந்த சிமெண்ட் தொழில்நுட்பங்களை அரசு ஆய்வகங்கள் ஆலைகளுக்கு உரிமம் கொடுப்பது பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். அரியலூர் பக்கம் முப்பது வருடம் கட்டட ஒப்பந்த வேலை பார்த்தவன் நான். கட்டுரை உரிமக் கட்டணத்தோடு நின்றுவிட்டது. சிக்கலே அதற்கு அப்புறம்தான்.

சுண்ணாம்புக் காளவாயைப் பார்த்தவர்களுக்கு இந்த விஷயம் எளிதில் புரியும். சுத்தமான சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சுட்டால் மிஞ்சுவது 56 கிலோ. மீதி 44 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும். சிமெண்ட் ஆலையிலும் இதேதான். எந்த எரிபொருளைப் போட்டு எரித்தாலும் கல்லுக்குள் இருக்கும் வாயு வெளியே வந்தே தீரும். அதனால் மூட்டையில், கல்லைச் சுட்டு எடுக்கும் கிளிங்கர் என்ற கட்டிகளின் பங்கைக் குறைக்க வேண்டியிருக்கிறது.

அப்படிக் கிளிங்கரைக் குறைத்த சிமெண்ட் ஒன்றுதான் எல்சி3. சென்னை, டெல்லி, மும்பை ஐஐடிகளும் சுவிட்சர்லாந்தின் லொசான் தொழில்நுட்பக் கழகமும் கியூபாவின் லாஸ் வில்லாஸ் மத்தியப் பல்கலைக்கழகமும் சேர்ந்து உழைத்தது. பாதிதான் கிளிங்கர், 30 சதவீதம் சுட்ட களிமண், 15 சதவீதம் சுடாத சுண்ணாம்புக்கல் தூள், மிச்சம் ஜிப்சம். கிளிங்கருக்கு 1450 டிகிரி சூடு வேண்டும், களிமண்ணுக்கு 800 டிகிரி அளவில் போதும். சாதா சிமெண்டோடு ஒப்பிட்டால் உமிழ்வு 30 முதல் 40 சதவீதம் குறைகிறது. 2023-இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் இதற்கு ஐஎஸ் 18189 என்ற தரநிலையையும் கொடுத்துவிட்டது.

சரி, தரநிலை வந்தால் போதுமா? உலைச் சாம்பல் கலந்த பிபிசி சிமெண்ட் எங்கள் பக்கம் புதிதாக வந்த சமயம், ஒரு பள்ளிக்கூடக் கட்டட வேலைக்கு அதை இறக்கினேன். மேற்பார்வைக்கு வந்த பொறியாளர் மூட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஷெட்யூல்ல இல்லையேப்பா" என்றார். அரசு வேலைக்கான விலைப்பட்டியலைத்தான் சொன்னார். அவ்வளவுதான், லோடு திரும்பியது. லாரி வாடகை இரண்டு தரம் என் தலையில். சிமெண்டில் ஒரு குறையும் இல்லை. இன்று ஊர் ஊராக வீடு கட்டுகிறவர்கள் அதே பிபிசியைத்தான் கேட்டு வாங்குகிறார்கள்.

எல்சி3-க்கு இன்னொரு தொல்லையும் உண்டு. களிமண்ணில் இரும்பு இருந்தால் சிமெண்ட் லேசாகச் சிவந்து வரும். கொத்தனார் கரண்டியில் கலவையை அள்ளி, "என்னண்ணே, செம்மண்ணைக் கலந்துட்டானுங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், வீட்டுக்காரருக்கு அன்றிரவு தூக்கம் வராது. கலவை கொஞ்சம் பிசுபிசுவென்றும் இருக்கும். சித்தாள் இன்னும் அரை வாளித் தண்ணீரை ஊற்றிவிடுவார், வலு போச்சு. சுட்ட மண்ணை ஆக்சிஜன் படாமல் ஆறவிட்டுச் சாம்பல் நிறம் கொண்டுவரும் வழி இருக்கிறது. பிசுபிசுப்புக்குக் கலவையில் சேர்க்கும் அட்மிக்ஸ்சர் என்ற ரசாயனம் இருக்கிறது. உரிமம் கொடுக்கும்போது இந்தப் பக்குவத்தையும் ஆள் வைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பத்திரத்தில் கையெழுத்து வாங்குவதோடு ஆய்வகத்தின் வேலை முடிந்துவிடாது.

அப்புறம், உரிமத்தை ஒரே பெரிய நிறுவனத்துக்கு மொத்தமாக எழுதிக் கொடுக்கக் கூடாது. மக்கள் வரிப் பணத்தில் நடந்த ஆராய்ச்சி. பொது ஆய்வகங்களின் தொழில்நுட்பத்தைத் தொழில்களுக்குக் கைமாற்றிவிடவே 1953-இல் தேசிய ஆராய்ச்சி வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டது. சிறிய அரவை ஆலைக்காரரும் கேட்டால் கட்டுப்படியாகிற கட்டணத்தில் கிடைக்க வேண்டும்.

வாங்க ஆள் வேண்டுமே என்பீர்கள். டான்செம் மாநில அரசின் சொந்த நிறுவனம். அதன் ஆலை எங்கள் அரியலூரிலேயே இருக்கிறது. 'அரசு', 'வலிமை' என்ற பெயர்களில் சிமெண்ட் விற்கிறது. சென்னை ஐஐடி ஆராய்ந்ததை அங்கே தயாரித்து, அரசுப் பள்ளிக்கும் தொகுப்பு வீட்டுக்கும் போட்டால் முதல் வாடிக்கையாளர் அரசாங்கமே. தனியார் ஆலைகள் தானாகப் பின்னால் வரும்.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, உங்கள் நிருபரைப் பொதுப்பணித் துறைக்கு அனுப்பி, இந்த வருட விலைப்பட்டியலில் ஐஎஸ் 18189 என்று ஒரு வரி இருக்கிறதா என்று பார்த்துவரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டட ஒப்பந்ததாரர்,
அரியலூர்.