1952 தேர்தலில் இல்லாத கட்சிக்கு 21 இடங்களா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் முதல் மக்களவை பற்றிய கட்டுரையில், '1952 தேர்தலில் பிரஜா சோஷலிஸ்ட் கட்சி 21 இடங்களைப் பிடித்தது' என்று அச்சாகியிருக்கிறது. அந்தத் தேர்தல் நடந்தபோது அப்படியொரு கட்சியே கிடையாது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. சோஷலிஸ்ட் கட்சி 12 இடங்களிலும், ஆச்சார்ய கிருபளானியின் கிசான் மஸ்தூர் பிரஜா கட்சி 9 இடங்களிலும் வென்றன. இரண்டும் இணைந்தது 1952 செப்டம்பரில். மக்களவை முதன்முதலாகக் கூடியதோ அதே ஆண்டு மே 13-ஆம் தேதி. பின்னால் வந்த பெயரைத் தூக்கி முன்னால் நடந்த தேர்தலில் போட்டால் அதற்குப் பெயர் வரலாறா?

அதே அட்டவணையில் சுயேச்சைகள் 47 பேராம். ஜெயித்தவர்கள் 37 பேர்தான். மொத்தம் 499 என்று எழுதிவிட்டு, கணக்கு இடித்ததும் மிச்சமிருந்த 10 பேரைச் சுயேச்சைகளில் சேர்த்திருக்கிறார்கள். அந்தப் பத்துப் பேரும் நியமன உறுப்பினர்கள்: ஜம்மு காஷ்மீர் 6, ஆங்கிலோ இந்தியர் 2, அந்தமான் நிக்கோபார் 1, அசாம் பழங்குடிப் பகுதி 1. மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தது 489 பேரை மட்டுமே.

கம்யூனிஸ்ட்டுகள் 16 என்பது சரி. ஆனால் ஹைதராபாத்தில் கட்சி தடை செய்யப்பட்டிருந்ததால் அங்கே மக்கள் ஜனநாயக முன்னணி என்ற பெயரில் நின்று 7 இடங்களைப் பெற்றார்கள். அந்த 7-ஐ 'மற்றவை'யில் தள்ளிவிட்டால் அவையில் அவர்களுடைய பலம் எப்படி விளங்கும்? கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனை 'எதிர்க்கட்சித் தலைவர்' என்று எழுதியதும் தவறு. அந்த அந்தஸ்துக்கு வேண்டிய பத்தில் ஒரு பங்கு பலம் அவையில் எந்த எதிர்க்கட்சிக்கும் இல்லை. அங்கீகாரம் பெற்ற முதல் எதிர்க்கட்சித் தலைவர் ராம் சுபக் சிங், அதுவும் 1969-இல்தான்.

'மற்றவை' என்ற அந்த ஒற்றை வரி எனக்கு வெகுநாள் ஆதங்கம். தமிழ்ப் பத்திரிகையில்கூட தமிழ்நாடு உழைப்பாளர் கட்சியின் 4 இடங்களும் காமன்வீல் கட்சியின் 3 இடங்களும் அதற்குள் புதைந்து போகின்றன. அந்தத் தேர்தலில் தி.மு.க. நேரடியாக நிற்காமல் இந்தக் கட்சிகளுக்குத்தான் ஆதரவு கொடுத்தது. அது தெரியாமல் முன்பொரு முறை '1952-இல் தி.மு.க. எம்.பி.க்கள்' என்றே தங்கள் இதழில் வந்தது. நான் எழுதிய மறுப்பு அச்சேறவில்லை. தி.மு.க.வின் முதல் இரண்டு எம்.பி.க்கள் வந்தது 1957-இல்.

'நாட்டில் முக்கால்வாசிப் பேர் காங்கிரசுக்கு வாக்களித்தார்கள்' என்ற வரியையும் விட மனமில்லை. காங்கிரசுக்கு முக்கால்வாசியாகக் கிடைத்தது இடங்கள்தான்: 489-இல் 364. வாக்கு சுமார் 45 சதவீதம். பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கிய சோஷலிஸ்ட்டுகளுக்கு 12 இடம், மூன்றே சொச்சம் வாங்கிய கம்யூனிஸ்ட்டுகளுக்கு 16. முன்னவர்கள் நாடு முழுக்க ஆள் நிறுத்தி வாக்கைச் சிதறவிட்டார்கள். பின்னவர்கள் பலமுள்ள இடங்களில் மட்டும் நின்றார்கள். மேலும் 86 தொகுதிகள் இரட்டை உறுப்பினர் தொகுதிகள், வடக்கு வங்காளத்தில் ஒன்று மூன்று உறுப்பினர் தொகுதி. இரட்டைத் தொகுதியில் ஒரு வாக்காளருக்கு இரண்டு வாக்கு. எனவே விழுந்த வாக்குகளின் எண்ணிக்கையை வாக்களித்த ஆட்களின் எண்ணிக்கையாக எடுத்துக்கொள்ளவே கூடாது.

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவன் நான். அவர்கள் தங்கள் அட்டவணையைக் கத்தரித்து நோட்டில் ஒட்டிக்கொள்கிறார்கள். நான் சொல்வதைவிட அச்சில் வந்ததைத்தான் நம்புகிறார்கள்.

எந்த அட்டவணையானாலும் அதன் தலையில் தேதி போடுங்கள். ஜனசங்கத்தின் ஷ்யாமா பிரசாத் முகர்ஜி 1953 ஜூனில் மறைந்ததும் அவருடைய கல்கத்தா தென்கிழக்குத் தொகுதி இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் சாதன் குப்தாவிடம் போனது. மூன்றாக இருந்த ஜனசங்கத்தின் கணக்கில் ஒன்று குறைந்தது. தேதி இல்லாவிட்டால் எது சரி, எது தவறு என்று வாசகர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

திருத்தத்தை, கட்டுரை வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்