சிங்களப் பாடத்துக்கு இனி வாய்மொழிப் பரீட்சையும் உண்டு

அன்புள்ள பெற்றோருக்கு,

வரும் தவணையிலிருந்து தரம் 6 முதல் 9 வரையான பிள்ளைகளுக்கு இரண்டாம் மொழிச் சிங்களத்தில் வாய்மொழிப் பரீட்சையும் நடத்தப்போகிறோம். எழுத்துக்கு 50 புள்ளிகள். கேட்டு விளங்கிக்கொள்வதற்கும் பேசுவதற்கும் தலா 25. "இதுவரை 80, 85 எடுத்த பிள்ளையின் புள்ளி விழுந்துவிடுமே சேர்" என்று சிலர் கவலைப்பட்டீர்கள். விழும். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

சென்ற மாதம் தரம் 8 இல் ஆசிரியை வாய்மொழியாகச் சோதித்துப் பார்த்தபோது நானும் பின்வாங்கில் இருந்தேன். "ஒயாகே தாத்தா மொனவத கரன்னே?" என்று கேட்டார். எழுத்துப் பரீட்சையில் வகுப்பிலேயே கூடிய புள்ளி எடுக்கும் பிள்ளை சற்று யோசித்தாள். பிறகு, அப்பப்பாவுக்குக் கண் தெரியாது, வீட்டில்தான் இருக்கிறார் என்று தமிழில் சொன்னாள். சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா; ஆசிரியை கேட்டது, உன் அப்பா என்ன செய்கிறார் என்று. அந்தச் சொல்லைத் தாளில் கண்டால் பிழையில்லாமல் பொருள் எழுதுபவள்தான். காதில் விழுந்ததும் நம் சொல் முந்திக்கொண்டது. இன்னொருவன், நான் பாடசாலைக்குப் போகிறேன் என்பதை "மம பாசலட யமி" என்றான். இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் அது புத்தகச் சிங்களம்; பேச்சில் "மம இஸ்கோலெட யனவா" என்பார்கள். நமக்கு எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் வேறுபடுவது போலத்தான். இந்த இடைவெளியை எந்த வினாத்தாளும் காட்டாது.

"இந்த மொழி நம் பிள்ளைகளுக்கு எதற்கு?" என்று கேட்கும் பெற்றோரும் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்குக் கோபமில்லை. வன்னியில் பலருக்குச் சிங்களம் முதலில் வந்தது சோதனைச் சாவடியில், கட்டளையாக. நானும் ஓர் அலுவலகத்தில் சிங்களத்தில் மட்டும் இருந்த படிவத்தில், என்ன எழுதியிருக்கிறதென்று தெரியாமலே கையொப்பமிட்டிருக்கிறேன். அன்றைய கூச்சம் இன்னும் போகவில்லை. அரசோடு தமிழில் கடிதத் தொடர்பு கொள்வது நம் உரிமை. 1987 இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. சிங்களம் படிப்பதால் அந்த உரிமையில் ஓர் அணுவும் குறையாது. ஆனால் தன் முன்னால் நீட்டப்படும் தாளில் இருப்பதை வாசித்து, "இதைத் தமிழில் தாருங்கள்" என்று சிங்களத்திலேயே கேட்கத் தெரிந்த பிள்ளையை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது. நாளை அரச சேவைக்குப் போகிறவர்களுக்கு இது இன்னும் அவசியம். புதிதாகச் சேர்பவர்கள் ஐந்து ஆண்டுகளுக்குள் மற்ற அரச கரும மொழியிலும் தேர்ச்சி பெறவேண்டுமென 2007 இலேயே சுற்றறிக்கை வந்துவிட்டது. தெற்கிலிருந்து சேர்பவர் தமிழ் படிக்கவேண்டும் என்பதும் அதே சுற்றறிக்கைதான்.

பரீட்சை வகுப்பின் முன்னால் நடக்காது. நூலக அறையில், ஒவ்வொருவராக, ஐந்து நிமிடம். உச்சரிப்பு கொச்சையாக இருந்தால் புள்ளி குறைக்கமாட்டோம். கேட்டதற்குப் பொருந்தப் பதில் சொன்னால் போதும். வீட்டில் யாரும் இந்தப் புள்ளியை வைத்துப் பிள்ளையை அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம் என்று மன்றாட்டமாகக் கேட்கிறேன். பேசப் பயந்த பிள்ளையைப் பிறகு பேசவைப்பது பெரும்பாடு.

ஓர் உதவியும் வேண்டும். நமக்கு இருப்பது ஒரே ஒரு சிங்கள ஆசிரியை. உங்களில் வவுனியாச் சந்தையில் சிங்கள வியாபாரிகளோடு விலை பேசும் அம்மாமார் இருக்கிறீர்கள். கொழும்பில் கட்டட வேலை செய்து சரளமாகப் பேசப் பழகிய அப்பாமாரும் இருக்கிறீர்கள். எழுதத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. புதன்கிழமைகளில் கடைசிப் பாடவேளைக்கு வந்து பிள்ளைகளோடு பேசுங்கள். வரக்கூடியவர்கள் வெள்ளிக்கிழமைக்கு முன் காரியாலயத்தில் பெயர் கொடுக்கவும்.

அதிபர்